விசில் ஊதினால் கண் மூடும்

"இன்னாய்யா, என் மருமவளப் பாத்துக் கண்ணடிக்கிற?"

மாமல்லபுரத்தை விட்டு வண்டி கிளம்பி இரண்டு நிறுத்தம்தான் தாண்டியிருந்தது. காலை பத்து மணி வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பயணிகளைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அப்படி நிற்பதுதான் என் வழக்கம். இரண்டு படியும் தெரியும், எல்லா முகமும் தெரியும். ஆள் இறங்கியதும் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

முன் சீட்டிலிருந்த அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்காத ஒரு புதுப்பெண். காலடியில் மீன் நிறைந்த அன்னக்கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு.

"நானும் பாத்துகினே வரேன். மொத ஸ்டாப்புல ஒரு வாட்டி அடிச்ச. சரி, தூசி வுழுந்திருக்கும்னு வுட்டேன். இப்ப மறுபடியும் அடிக்கிற. வயசு இன்னா ஆவுது உனக்கு?"

"இல்லம்மா, எனக்கு மொகத்துல ஒரு கோளாறு..." என்று ஆரம்பித்தேன்.

அங்கேதான் வினை. உதட்டைக் குவித்தால் என் இடது கண் தானாகச் சுருங்கும். 'ஒரு' என்றால் மூடும். 'கோளாறு' என்றால் இரண்டு முறை மூடும். பதற்றத்தில் வேகமாகப் பேசப் பேச, கண்ணும் வேகமாக அடித்துக்கொண்டது.

"பாரு, பாரு, இப்பகூட அடிக்கிறான்!"

யாரோ ஒருவர் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்தப் புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். டிரைவர் எத்திராஜ் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார்.

இது நடந்து பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். இன்றைக்கும் ஈரச் சாக்கின் வாடை எங்காவது வந்தால் எனக்கு முதலில் காலர்தான் இறுகும்.

டீ வழிந்த காலை

அதற்கும் எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி. முதல் வண்டி எடுப்பதற்கு முன் பணிமனைக்கு எதிர்க் கடையில் நானும் எத்திராஜும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டீ என் இடது கடைவாய் வழியாக வழிந்து சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி குடித்தேன். மறுபடி வழிந்தது.

"இன்னா பிரகாசம், சின்னக் கொழந்த மாதிரி ஊத்திக்கிற?" என்று எத்திராஜ் சிரித்தார்.

ஞானப்பிரகாசம் என்பது என் முழுப்பெயர் என்று இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறேன். அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரும் சம்பளப் பட்டியல் வாசிப்பவரும்தான்.

வண்டியில் ஏறி விசிலை வாயில் வைத்தேன். சத்தம் வரவில்லை. காற்று பூராவும் இடது பக்கமாக 'புஸ்' என்று போனது. விசிலைத் தட்டினேன், உதறினேன், கைக்குட்டையால் துடைத்தேன். விசிலில் ஒரு குறையும் இல்லை. எத்திராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மச்சான், உன் வாயி ஒரு பக்கமா இழுத்துகினு கீது."

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அப்பா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவர். எங்கள் வீட்டில் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். முகம் கோணியதும் ஊரில் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை வாதம். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனைவி லூர்துவுக்குக் கை கால் ஓடவில்லை. எண்ணெய் போட்டு நீவி விடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவரிடம் போனோம். அந்தப் பிசுபிசுப்பும் வேப்பெண்ணெய் வாடையுமாக ஐந்து நாள் போய்விட்டது.

ஆறாம் நாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடது பக்கம் சுருங்கவில்லை. கண்ணை மூடச் சொன்னார். மூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் தூக்கினேன்.

"இது வாதம் இல்லப்பா. காதுக்குப் பின்னாடி வர்ற முக நரம்பு வீங்கிப் போயிருக்கு. மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை இன்னும் நல்லா கேட்டிருக்கும்."

திட்டவில்லை. அமைதியாகத்தான் சொன்னார். அந்த அமைதிதான் லூர்துவை அழ வைத்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்ட ஒரு டேப், கொஞ்ச நாள் மாத்திரை. முக்கால்வாசிப் பேருக்குத் தானே சரியாகிவிடும் என்றார். நான் அந்த முக்கால்வாசியில் சேர்ந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பலூன் ஊதிய ஆண்டுகள்

நாலைந்து மாதத்தில் முகம் நேராகிவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. லூர்து அச்சரப்பாக்கம் மலை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பலூன் ஊது என்றார் ஒருவர். சூயிங்கம் மெல்லு என்றார் இன்னொருவர். ஒரு மருந்துக் கடையில், கன்னத்தில் வைத்தால் சுருக் சுருக்கென்று கரண்ட் வைக்கும் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். எல்லாவற்றையும் செய்தேன். கல்யாண வீட்டுக்கு ஊதுகிற மாதிரி தினம் இருபது பலூன். கன்னம் கல் மாதிரி இறுகியது. பலம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

விசிலும் திரும்ப வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வண்டி நிற்காத இடத்தில்கூட ஊதினேன்.

கண்டக்டர் விசிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எல்லா விசிலும் கடையில் ஒன்றுதான். ஊதுகிற வாய்தான் வேறே. என் ஊதலில் முதல் சத்தம் குட்டை, இரண்டாவது நீளம். திருக்கழுக்குன்றம் நிலையத்தில் நாலு வண்டி ஒரே நேரத்தில் கிளம்பினாலும், எத்திராஜ் என் ஊதலுக்குத்தான் கியரைப் போடுவார். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஜன்னல் பூராவும் கடல்காற்று அடிக்க, நுங்குக் குலைகளும் மீன் கூடைகளும் பள்ளிக்கூடப் பைகளுமாகப் போகிற அந்த வண்டியில், அந்த இரண்டு சத்தம்தான் நான் பேசிய பேச்செல்லாம்.

கண் மூடுவதை முதலில் கவனித்தது லூர்து. ஒரு வருஷத்துக்குள்ளேயே.

"ஏன்யா, நீ முத்தம் குடுக்கறப்பவும் கண்ணடிக்கிற, வெந்நிய ஊதிக் குடிக்கறப்பவும் கண்ணடிக்கிற" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். போகப் போகக் கண் அதிகமாக மூடியது. சிரித்தால் கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பியது. தாடையில் பள்ளம் விழுந்தது. சிரிப்பு வந்தால் துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொள்ளப் பழகினேன். போட்டோ எடுத்தால் வலது கன்னத்தைக் காட்டி நின்றேன்.

சாப்பிட்டால் அழுகை

இன்னொன்றும் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். காரம் வேண்டாம், வெங்காயம் வேண்டாம். வெறும் தயிர்சோறு போதும்.

கேளம்பாக்கத்தில் என் அக்கா மகன் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனான். நான் அந்தப் பக்கம் வண்டியில் போய்வந்த காலத்தில் அங்கே உப்பளமும் வெயிலும்தான். மாடியில் பந்தி. எனக்கு எதிரே அவன் மாமனார். முதல் கவளம் வைத்ததும் கண்ணீர் வழிந்தது. துடைத்தேன். இரண்டாவது கவளம், மறுபடி. பாயசம் வரும்போது அந்த மனிதர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "அண்ணாத்த, புள்ள வூடு வாங்கினத பாத்து மனசு நெறஞ்சிடுச்சி, இல்ல?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

அதே கண்ணீர் ஒரு கருமாதிச் சாப்பாட்டில் எனக்கு நல்ல பெயரும், ஒரு நிச்சயதார்த்தத்தில் கெட்ட பெயரும் வாங்கித் தந்தது. லூர்து மட்டும், "நான் ஆக்கிப் போட்டத தின்னுட்டு அழுவுற ஒரே ஆளு நீதான்யா" என்பாள்.

பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வைத்தியப் புத்தகத்திலேயே இதற்குப் பெயர் முதலைக் கண்ணீராம். கோவளம் வழியாகப் போகும் வண்டியில், "முதலைப் பண்ணையெல்லாம் எறங்கு" என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்! நினைத்துச் சிரித்தேன், துண்டால் மறைத்துக்கொண்டுதான்.

அந்த வண்டிக்குத் திரும்புவோம்

எத்திராஜ் காலரைப் பிடித்த கையை எடுத்துவிட்டார். "எட்டு வருசமா இவுரு மொகம் இப்பிடித்தான். கண்ணடிக்கல, நரம்புக் கோளாறு" என்றார். கூட வேலை செய்கிறவர் சொன்னால் யார் நம்புவார்கள்? வண்டி திருக்கழுக்குன்றம் போகும்வரை ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிக்கெட்டைக்கூட விரல் படாமல் வாங்கினார்கள். மிச்ச தூரம் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டுத் தகரத்தைத் தட்டித் தட்டி வண்டியை நடத்தினேன்.

மறுநாள் அந்த அம்மாள், கன்னியம்மா என்று பெயர், தன் குப்பத்து ஆட்கள் நாலு பேரோடு பணிமனைக்கு வந்துவிட்டாள். மருமகளும் கூட வந்திருந்தாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் பெண் விஷயம். இருபது வருஷ வேலை, ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அது எல்லாம் ஒரு புகார்த் தாளில் கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வேலை போனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். காலனியில் என்ன பேர் வரும்? பள்ளிக்கூடம் போகிற என் மகள் காதில் என்ன விழும்?

"பிரகாசம், விசில் ஊது" என்றார் மேலாளர்.

"சார்?"

"ஊதுய்யா. அந்தக் காலண்டரைப் பார்த்து ஊது."

சுவரைப் பார்த்து ஊதினேன். கண் மூடியது. எத்திராஜைப் பார்த்து ஊதச் சொன்னார். மூடியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பஞ்சர் வண்டியின் டயரைப் பார்த்து ஊதச் சொன்னார். மூடியது. எட்டு வருஷமாகத் துண்டால் மறைத்து வைத்திருந்ததை, பத்துப் பேர் நடுவில், கேட்கக் கேட்கச் செய்து காட்டினேன். காது சுட்டது. விசில் எச்சிலாகிவிட்டது.

கன்னியம்மா கிட்டே வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அய்ய, செவுத்தப் பாத்தும் கண்ணடிக்கிறியே! டிரைவரப் பாத்தும் அடிக்கிற, டயரப் பாத்தும் அடிக்கிற. இன்னா கொடும இது?"

ஒருவன் சிரித்தான். அவளே திரும்பி அவனை ஒரு அதட்டு அதட்டினாள். "இன்னாடா சிரிப்பு? ஆம்பள நின்னுகினு அழுவுறது தெர்ல?"

நான் அழவில்லை. கண் தானாகத்தான் கலங்கியது. ஆனால் அந்த நேரத்தில் அது எது என்று எனக்கே நிச்சயமில்லை.

மருமகள், "அத்த, வாங்க போலாம்" என்றாள். புகார்த் தாளை மேலாளர் கிழித்துப் போட்டார். "போய் முறையா ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து ஃபைல்ல வை" என்று என்னிடம் சொன்னார்.

கன்னியம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறும்போதெல்லாம், கூடையை இறக்கி வைத்துவிட்டு, வண்டி பூராவும் கேட்கிற மாதிரி அறிவிப்பாள்: "தா, யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க! கண்டக்டரு விசிலு ஊதுனா கண்ணு மூடிக்கும். நரம்பு வியாதி. தங்கமான மனுசன்!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பும். நான் ஊதும் வரை காத்திருப்பார்கள். ஊதினதும், "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார்கள்.

சண்டை போட்ட நாளைவிட அவள் பரிந்து பேசிய நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. பாசத்தில் செய்கிறாள். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அந்தச் சர்டிபிகேட் சாக்கில் லூர்துவையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

மூன்று வழி

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பேசவிட்டு, சிரிக்கச் சொல்லி, ஊதச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க நரம்பு செத்துப்போகல. திரும்ப வளர்ந்திருக்கு. ஆனா வாய்க்குப் போக வேண்டிய இழையில கொஞ்சம் கண்ணுக்குப் போயிடுச்சு. கண்ணுக்குப் போக வேண்டியது கழுத்துக்குப் போயிடுச்சு."

செங்கல்பட்டு போர்டு மாட்டிய வண்டி மதுராந்தகம் போய் நின்ற மாதிரி என்று எனக்குப் புரிந்தது. சொன்னேன். அவர் சிரித்து, "அதேதான்" என்றார்.

"எட்டு வருசம் ஆயிடுச்சிங்களே. இனிமே எதுனா பண்ண முடியுமா?"

"பண்ணலாம். ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பழைய முகம் அப்படியே திரும்ப வராது. இருக்கறத எவ்வளவு நல்லா ஆக்கலாம்னுதான் பார்க்கணும்."

லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தை எட்டு வருஷத்தில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. வலித்தது. ஏதோ ஒரு பாரமும் இறங்கியது.

அவர் சொன்ன வழிகள் மூன்று. கண்ணாடி பார்த்து முகத்தைத் திரும்பப் பழக்குவது ஒன்று. மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். அடுத்தது ஊசி. நடிகைகள் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே ஊசி. தேவையில்லாமல் இழுக்கிற தசையை மூன்று நாலு மாதத்துக்குத் தளர வைக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். கடைசியாக அறுவை சிகிச்சை. தப்பான வழியில் போகிற சின்னச் சின்ன நரம்பு இழைகளைத் தேடி வெட்டிவிடுவார்கள். முகம் கொஞ்சமும் திரும்ப வராதவர்களுக்கு நாக்குக்கோ தாடைக்கோ போகிற நரம்பை இணைப்பார்கள், தொடையிலிருந்து தசை எடுத்துக் கன்னத்தில் வைப்பார்கள், மூடாத இமைக்குள் ஒரு சின்ன எடையை வைத்துத் தைப்பார்கள்.

"உங்களுக்கு இப்போ கத்தி வேண்டாம். முதல் ரெண்டும் சேர்த்துப் பார்ப்போம். கண்ணீருக்கும் ஊசி இருக்கு. சுரப்பியில போடணும். சில பேருக்குக் கண் காய்ஞ்சு போகலாம்."

"அது இருந்துட்டுப் போவட்டும் மேடம்" என்றாள் லூர்து, என்னைக் கேட்காமலே. "அது வூட்டுக்குள்ள. மத்ததப் பாருங்க."

இது என் கதை. என் முகத்துக்குச் சொன்னது உங்கள் முகத்துக்கு ஒத்து வராமல் போகலாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பழைய போட்டோ

பயிற்சி கொடுத்தவர் நிர்மலா என்ற பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே என் பெருமையை உடைத்துவிட்டார்.

"பலூன், சூயிங்கம், கரண்ட் பெட்டி எல்லாத்தையும் நிறுத்துங்க. உங்க கன்னத்துக்கு பலம் பத்தாம இல்ல. பலம் அதிகமா, தப்பான இடத்துல இருக்கு. அதைத் தளர விடணும்."

எட்டு வருஷம். தினம் இருபது பலூன். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த பலூன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழைய போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நிர்மலா சொல்லியிருந்தார். லூர்து பீரோவிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். பாச்சை உருண்டை வாடையடித்தது. ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். எண்ணெய் வழிய வாரிய தலை, பெரிய காலர் சட்டை, கழுத்தில் ரோஜா மாலை. நடுவே என் முகம். சிரித்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து சுருங்குகிற முகம். அந்த ஆளோடு எனக்கு அவ்வளவு நாள் பழக்கம் இருந்ததே மறந்துபோயிருந்தது. செத்துப்போன ஒரு தம்பியின் படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அழகாத்தான்யா இருந்த" என்றாள் லூர்து. பிறகு, "இப்பவும் தான்" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

நிர்மலா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு அட்டையை முகத்தின் பாதியில் வைத்து மறைத்தார், மறுபாதியை மறைத்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? உங்க சிரிப்பு அப்பவே கொஞ்சம் வலது பக்கக் கோணல்தான்."

துண்டு கையில் இல்லை. சிரித்துவிட்டேன்.

தினமும் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம். கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை மெதுவாக இழுத்துத் தளர்த்த வேண்டும். பிறகு உதட்டை அரிசி அளவு குவிக்க வேண்டும், கண் அசையாமல். கண் அசைந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இருபது வருஷம் வேகவேகமாக ஊதிய வாய்க்கு மெதுவாக அசைவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

முதல் ஊசி சென்னையில். கண்ணைச் சுற்றி, தாடையில், கழுத்தில், எறும்பு கடித்த மாதிரி பத்துப் பன்னிரண்டு குத்தல். ஒரு வாரத்தில் கண் அடங்கியது. ஆனால் கூடவே உதடும் தளர்ந்துபோய், ஒரு காலை டீ மறுபடி சட்டையில் வழிந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். பழையது திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். டாக்டரம்மா, "அளவு கொஞ்சம் கூடிப்போச்சு, ரெண்டு வாரத்துல இறங்கும்" என்றார். இறங்கியது. அடுத்த முறை அளவைக் குறைத்தார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் கன்னியம்மா வண்டியில் ஏறினாள். கூடையை இறக்கினாள். அறிவிப்புச் சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊதினேன். கண் லேசாகத் துடித்தது, மூடவில்லை.

"இன்னாய்யா இது? என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே!" என்றாள். வண்டியே சிரித்தது. அதன் பிறகு அவள் அறிவிப்பை விட்டுவிட்டாள். மருமகளின் குழந்தையைத் தூக்கிவந்து என்னிடம் காட்டியபோது அது என்னைப் பார்த்து அழுதது. அதற்கு என் முகம் காரணமில்லை, எல்லாக் குழந்தையும் கண்டக்டரைப் பார்த்து அழும்.

துண்டு மூடிய முகம்

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். மாமல்லபுரத்திலிருந்து காலை வண்டி. முப்பது வயதிருக்கும், கட்டுமரத்துக்குப் போகிற உடம்பு. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறினான். டிக்கெட் கேட்டபோது 'செங்கல்பட்டு' என்ற சொல்லே குழறியது.

எனக்கு அந்தக் குழறல் தெரியும்.

"துண்ட எடு" என்றேன்.

எடுத்தான். இடது கண் மூடாமல் நீர் கோத்திருந்தது. வாய் வலது பக்கம் போயிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"நேத்து காத்தால வாய் கொப்புளிச்சேன், தண்ணி நிக்கலண்ணா. வாதம்ன்றாங்க. செங்கல்பட்டாண்ட எண்ண போட்டு நீவுறவரு ஒருத்தரு கீறாராமே..."

"உன் பேரு இன்னா?"

"சேகரு."

"சேகரு, கைய ரெண்டையும் தூக்கு." தூக்கினான். "நேத்துதான? நல்லா யோசிச்சு சொல்லு."

"நேத்துதாண்ணா."

செங்கல்பட்டு நிலையத்தில் வண்டி திரும்பக் கிளம்ப அரைமணி இருந்தது. எத்திராஜ், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். ஷேர் ஆட்டோவில் அவனை ஏற்றி நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவன் நம்பாமலே வந்தான். என் முகத்தைக் காட்டினேன். "நான் அஞ்சு நாள் எண்ண தேச்சிகினு இருந்தேன். பாத்துக்கோ" என்றேன். வரிசையில் நின்று, டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். பலூன் கிலூன் ஊதித் தொலைக்காதே என்று வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கடற்கரைப் பக்கத்து நிறுத்தத்தில் ஒருவன் ஏறினான். துண்டு தோளில் கிடந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, நான்தான், சேகரு!"

சிரித்தான். இரண்டு கண்ணும் சேர்ந்து சுருங்கின. இரண்டு கன்னமும் ஒரே உயரத்துக்கு ஏறின. எங்கேயும் ஒரு துடிப்பு இல்லை, ஒரு இழுப்பு இல்லை. உப்புக்காற்றில் கறுத்த அந்த முகத்தில் அப்படி ஒரு முழுச் சிரிப்பு.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கும் முன்னால் வந்தது பொறாமை. பொய் சொல்ல மாட்டேன். ஐந்து நாள். வெறும் ஐந்து நாள். அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணா அப்பிடிப் பாக்குற?" என்றான் அவன், கொஞ்சம் பயந்துபோய், கன்னத்தைத் தடவிக்கொண்டு. "திரும்பக் கோணிக்கிச்சா?"

"இல்லப்பா. நல்லா கீது" என்றேன். "உள்ள போ. பின்னாடி சீட்டு காலி."